பயணத்தில் போட்டோ எடிட்டிங்: லேப்டாப் வாங்கும் முன் திரையைப் பாருங்கள்!

லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் கேட்பது, "ஐ5 வேண்டுமா, ஐ7 வேண்டுமா?" என்பதுதான். ஆனால் வெளியூர்களில் போட்டோ எடுத்து, அன்றிரவே லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அவற்றைத் திருத்த நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது பிராசசரைப் பற்றி அல்ல; திரையைப் பற்றி. ஏன் என்று பார்ப்போம்.

திரை பொய் சொன்னால்...

திரையில் தெரியும் நிறத்தை நம்பித்தான் நாம் போட்டோவைத் திருத்துகிறோம். குறைவான நிறங்களையே காட்டும் திரையில் ஒரு கல்யாணப் போட்டோவைத் திறந்தால், அரக்கு நிறப் பட்டுப்புடவை வெளிறித் தெரியும். உடனே நிறத்தைக் கூட்டுவீர்கள். உங்கள் திரையில் அழகாக இருக்கும். பிரிண்ட் வந்த பிறகு பார்த்தால், புடவை கண்ணைக் குத்தும். மணப்பெண்ணின் முகம் செங்கல் நிறத்தில் இருக்கும். தவறு கேமராவிலும் இல்லை, பிரிண்ட் போட்ட கடையிலும் இல்லை.

ஹெச்பி, மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் 1996-ல் இணைந்து உருவாக்கிய நிற அளவுகோல் எஸ்ஆர்ஜிபி. இணையத்தில் நாம் காணும் பெரும்பாலான படங்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன. எனவே லேப்டாப்பின் விவரக் குறிப்பில் '100% எஸ்ஆர்ஜிபி' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். '45% என்டிஎஸ்சி' என்று இருந்தால் அது கடிதம் டைப் செய்யவும் கணக்கு எழுதவும் போதும், போட்டோவுக்கு வேண்டாம். எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும்.

திரை ஐபிஎஸ் அல்லது ஓஎல்இடி வகையாக இருக்கட்டும். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையக் கூடாது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்வீர்கள் என்றால் 400 நிட்ஸ் நல்லது.

ரேம்: பிறகு கூட்ட முடியாது

எடை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இப்போது 8 ஜிபி, அடுத்த வருடம் இன்னொரு 8 ஜிபி என்ற திட்டம் இவற்றில் பலிக்காது. போட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜிபி தேவை என்றும், 16 ஜிபி இருப்பது நல்லது என்றும் அடோபி நிறுவனமே சொல்கிறது. வாங்கும்போதே 16 ஜிபி வாங்கிவிடுங்கள்.

எஸ்எஸ்டி எவ்வளவு?

கேமராவின் சென்சார் பதிவு செய்த தகவலை அப்படியே சேமிப்பது 'ரா' பைல். 24 மெகாபிக்சல் கேமராவில் இப்படி ஒரு படம் சுமார் 25 எம்பி பிடிக்கும். ஒரு நாளைக்கு 400 படங்கள் என்றால் 10 ஜிபி. ஐந்து நாள் பயணத்துக்கு 50 ஜிபி. விண்டோஸும் மற்ற சாப்ட்வேர்களும் பிடிக்கும் இடத்தையும் சேர்த்தால் 256 ஜிபி சீக்கிரமே நிறைந்துவிடும். 512 ஜிபி பாருங்கள்.

பிராசசர், எடை

சமீப வருடங்களில் வந்த ஐ5, ரைசன் 5, ஆப்பிள் எம் வரிசை, இவற்றில் எதுவானாலும் சாதாரண போட்டோ திருத்தத்துக்குப் போதும். தனி கிராபிக்ஸ் கார்டு எடையையும் சூட்டையும் கூட்டும்; பேட்டரியையும் சீக்கிரம் தீர்க்கும். லைட்ரூமில் 2023-ல் வந்த ஏஐ டீநாய்ஸ் போன்ற வசதிகளை அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கும் வீடியோ எடிட் செய்பவர்களுக்கும்தான் அது அவசியம்.

13 அல்லது 14 அங்குலத் திரையும் 1.4 கிலோவுக்குள் எடையும் இருந்தால் தோள்பை வலிக்காது. 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏரின் எடை 1.29 கிலோ. சார்ஜரின் எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள். யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் போனுக்கும் அதற்கும் ஒரே சார்ஜர் போதும். மெமரி கார்டு செருகும் இடம் இல்லாவிட்டால் கார்டு ரீடர் ஒன்றும் வாங்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

நன்றாக பிரிண்ட் ஆன உங்கள் போட்டோ ஒன்றையும், அதே பைலை ஒரு பென் டிரைவிலும் கொண்டு போங்கள். லேப்டாப்பில் 'நைட் லைட்' அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படத்தைத் திறந்து, பிரிண்ட்டுடன் ஒப்பிடுங்கள். முகத்தின் நிறம், வெள்ளை வேட்டியின் மடிப்பு, கருப்பு முடியின் இழைகள் ஆகியவை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரிய வேண்டும். பிறகு திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். நிறம் மாறினால் வேறு மாடல் கேளுங்கள்.

சாப்ட்வேருக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி, ஜிம்ப் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. மிச்சமாகும் பணத்தில் ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்குங்கள். லேப்டாப்பிலும் அதிலும் படங்கள் ஏறிய பிறகே மெமரி கார்டை அழியுங்கள். பயணத்தில் லேப்டாப் தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பட்ஜெட் இடித்தால் ஐ7-ஐ விட்டுவிட்டு ஐ5-க்கு இறங்குங்கள். திரையிலும் ரேமிலும் மட்டும் இறங்காதீர்கள்.