நிகழ்த்துகலைக் களப்பதிவில் காணொளி வடிவத் தேர்வு: தெருக்கூத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிகழ்த்துகலைகளைக் காணொளியாகப் பதிவுசெய்யும் ஆய்வாளர்கள், படப்பிடிப்புக்கான வடிவத்தையும் இறுதி வழங்கலுக்கான வடிவத்தையும் ஒன்றாகவே கருதிவிடுவதுண்டு. இவ்விரண்டும் வெவ்வேறு தேவைகளிலிருந்து பிறப்பவை. மீட்க இயலாதவற்றைக் காப்பது முன்னதன் பணி. காண்போரைச் சென்றடைவது பின்னதன் பணி. வடதமிழகத் தெருக்கூத்தினைச் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டையும் தேர்வுமுறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, களஆய்வு, காணொளி, பிட் வீதம், ஆவணப்படுத்தல்

முன்னுரை

தெருக்கூத்து இரவில் தொடங்கி விடியும்வரை நிகழ்வது. முகவொப்பனையின் வண்ணம், அடவு, சுழன்றாடல், முகவீணையின் ஒலி, கட்டியங்காரனின் உடனடிப் பேச்சு ஆகிய அனைத்தும் ஆய்வுத் தரவுகளே. அதே குழு அதே கதையை மறுநாள் நிகழ்த்தினாலும் அப்பேச்சு அவ்வாறே அமைவதில்லை. எனவே பதிவில் இழந்ததைப் பின்னர்ப் பெற வழியில்லை.

வழங்கல் வடிவத்தை மட்டுமே எஞ்சவிட்டால் நேரும் இழப்பைக் கடந்தகாலத் தொழில்நுட்பமே காட்டுகின்றது. மினி டிவி நாடாவில் ஒரு சட்டகம் 720×576 படப்புள்ளிகள் கொண்டது. அதனை விசிடி குறுந்தகடாக மாற்றும்போது சட்டகம் 352×288 ஆகச் சுருங்கும். தரவு வீதமும் நொடிக்கு 25 மெகாபிட்டிலிருந்து ஏறத்தாழ 1.15 மெகாபிட்டாகக் குறையும். குறுந்தகடு உருவானபின் நாடாவை அழித்து மறுபயன்பாடு செய்திருந்தால், எஞ்சுவன நான்கில் ஒரு பங்குப் படப்புள்ளிகளே. அதில் கதையைப் பின்தொடரலாம்; விரலசைவை ஆராய்தல் அரிது.

படப்பிடிப்பு வடிவம்

சட்டக வீதம்: இந்தியாவில் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை ஒளி ஏறி இறங்குகின்றன. ஆகவே நொடிக்கு 25 சட்டகமும் 1/50 நொடித் திறப்பும் பொருந்தும். கைப்பேசிகளின் வழக்கமான 30 சட்டகத்தையும் 1/60 நொடியையும் கொண்டால் படத்தில் ஒளித்துடிப்பு தோன்றக்கூடும். அடவுகளை நுணுகி ஆராய்வதே நோக்கமெனில் 50 சட்டகம் சிறந்தது. எனினும் 1/100 நொடித் திறப்பில் உட்புகும் ஒளி பாதியாகும். ஒளி குறைந்த கூத்துக்களத்தில் இவ்விழப்பு சிறிதன்று. பல கருவிகளைப் பயன்படுத்தினால் அனைத்திலும் ஒரே வீதம் அமைதல் வேண்டும்.

வண்ணம்: 8 பிட் பதிவு ஒவ்வொரு வண்ணத் தடத்திற்கும் 256 படிநிலைகளையும், 10 பிட் பதிவு 1024 படிநிலைகளையும் தரும். 4:2:0 முறையில் வண்ணத் தகவல் கால் பங்காகவும், 4:2:2 முறையில் பாதியாகவும் பதிவாகின்றது. முகத்தில் தீட்டப்படும் மெல்லிய செந்நிறக் கோடுகளின் விளிம்பு 4:2:0 முறையில் மங்கக்கூடும். வேடத்தின் வண்ணம் பாத்திர இயல்பைச் சுட்டுவதால், 10 பிட், 4:2:2 பதிவே தகுதியுடையது.

படப்புள்ளிகள்: 3840×2160 அளவு, 1920×1080 அளவைப்போல் நான்கு மடங்கு. களம் முழுவதையும் ஒரே கருவியால் பதிவுசெய்து, பின்னர் ஒரு கலைஞரை மட்டும் தனித்தெடுத்து நோக்க இது இடந்தரும்.

ஒலி: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்கப்படாத பிசிஎம் ஏற்றது. தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுதல் வேண்டும். இல்லையெனில் மிருதங்கம் ஓங்கும்போதெல்லாம் குரல் தாழ்ந்து பதிவாகும்.

கோப்பு: சாதாரண எம்பி4 கோப்பில், அதனைப் படிப்பதற்கான அட்டவணை பதிவின் இறுதியில் எழுதப்படுகின்றது. இடையில் மின்சாரம் நின்றால் கோப்பு முழுவதும் திறவாமற்போகலாம். எனவே மின்கலத்தில் இயங்குதலும் பதிவைப் பகுதிகளாகப் பிரித்தலும் நன்று. சில ஒளிப்படக் கருவிகள் 29 நிமிடம் 59 நொடியில் தாமே நின்றுவிடும். இதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

தரவளவும் தேர்வும்

மெகாபிட் வீதத்தை 0.45 ஆல் பெருக்கினால் ஒரு மணிநேரத்திற்கான கிகாபைட் அளவு கிடைக்கும். எட்டு மணிநேரக் கூத்திற்கு இக்கணக்கு வருமாறு:

- எச்.265, 3840×2160, 100 மெகாபிட்: 360 கிகாபைட்
- புரோரெஸ் 422, 1920×1080, 122 மெகாபிட்: ஏறத்தாழ 440 கிகாபைட்
- புரோரெஸ் 422, 3840×2160, 492 மெகாபிட்: ஏறத்தாழ 1,770 கிகாபைட்

புரோரெஸ் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே காப்பதால் தொகுப்பதற்கு எளிது. ஆயினும் மூன்று படிகள் காக்கவேண்டிய ஆய்வாளருக்கு மூன்றாம் வழி 5 டெராபைட்டுக்கு மேல் கோருகின்றது. அதன் சுமையால் பின்னிரவுப் பகுதியைப் பதிவுசெய்யாமல் விடுவதைவிட, 10 பிட் எச்.265 வடிவில் கூத்து முழுவதையும் பதிவுசெய்தலே ஆய்வுக்குப் பயன்தரும். ஒப்பனை விளக்கம், நேர்காணல் போன்ற குறும்பதிவுகளுக்குப் புரோரெஸ் பொருந்தும். எச்.265 பதிவைப் பின்னர் புரோரெஸாக மாற்றினால் தொகுப்பு எளிதாகுமேயன்றித் தரம் உயராது.

வழங்கல் வடிவம்

வழங்கல் வடிவம் காண்போரைப் பொறுத்தது. ஆய்வாளருக்கும் இணையத்திற்கும் எச்.264, 1920×1080, 8 மெகாபிட், ஏஏசி ஒலி கொண்ட எம்பி4 கோப்பு பெரும்பாலான கருவிகளில் இயங்கும். எட்டு மணிநேரம் 29 கிகாபைட்டுக்குள் அடங்கும். கூத்துக் கலைஞர்கள் கைப்பேசியில் காண்பதற்கு 1280×720 அளவிலான சிறுகோப்புகளைக் காட்சிவாரியாகப் பிரித்தளிக்கலாம். தம் கலையின் பதிவு தம் கைக்குக் கிடைத்தல் கலைஞரின் உரிமை. ஆகவே இதனையும் திட்டமிடும்போதே கணக்கிற்கொள்ளுதல் வேண்டும்.

யூடியூப் போன்ற தளங்கள் ஏற்றப்படும் கோப்பை மீண்டும் சுருக்குகின்றன. எனவே அங்குள்ள படி மூலத்திற்கு மாற்றாகாது. கருவி தந்த கோப்பினை மாற்றமின்றி, சரிபார்ப்பு எண்ணுடன், மூன்று படிகளாக இருவகைச் சேமிப்புகளில் காத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருத்தல் நலம்.

முடிவுரை

உயர்தர மூலத்திலிருந்து எத்தனை வழங்கல் வடிவங்களையும் உருவாக்கலாம். வழங்கல் வடிவிலிருந்து மூலத்தை உருவாக்க இயலாது. ஆகவே பதிவிடம் பின்னர் எவ்வினாக்களை எழுப்பவிருக்கின்றோம் என்பதை முதலில் வரையறுத்து, அதற்கேற்பச் சட்டக வீதம், வண்ணம், ஒலி ஆகியவற்றையும், பின்னர்ச் சேமிப்புக்கேற்பப் பிட் வீதத்தையும் தீர்மானித்தல் முறையாகும். முதிய கலைஞர்களின் ஆட்டத்தைப் பதிவுசெய்யும் வாய்ப்பு ஒருமுறையே அமையலாம் என்பதால், இத்தேர்வு ஆய்வுநெறியின் ஒரு கூறாகவே கருதத்தக்கது.