எல்டன் ரிங் ஆடப் போகிறீர்களா? முதலில் திரும்பி நடக்கப் பழகுங்கள்

ஈப்போவிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏற சிம்பாங் பூலாய் சாலைதான் பக்கம். அது அடைபட்டால்? தாப்பா வழியாக ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று சுற்றிக்கொண்டு வரலாம். நேரம் பிடிக்கும், ஆனாலும் வீடு வந்து சேரலாம். எல்டன் ரிங் விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும் பலருக்கு இந்தச் சுற்றுவழி யோசனையே வருவதில்லை. முன்னால் நிற்கும் எதிரியிடம் திரும்பத் திரும்பச் செத்து, 'இது நமக்குச் சரிப்படாது' என்று மூடிவிடுகிறார்கள்.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரி 25-இல் வெளியிட்ட விளையாட்டு இது. இயக்கியவர் ஹிதேதாக்கா மியாசாக்கி. அந்த உலகத்தின் பழங்கதையை எழுதிக் கொடுத்தவர் நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின். சுலப நிலை என்று ஒன்று கிடையாது. மெனுவைத் திறந்தாலும் சண்டை நிற்காது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், எதிரி இல்லாத இடமாகப் பார்த்து நின்றுவிட்டு எழுந்து போங்கள்!

குதிரைக்காரனை விடுங்கள்

திறந்தவெளிக்கு வந்ததும் தங்கக் கவசத்தோடு குதிரையில் ஒருவன் உலாவுவான். பெயர் ட்ரீ சென்டினல். அவனிடம் இப்போது மோத வேண்டாம். எல்லாரையும் இன்றைக்கே ஜெயிக்க வேண்டியதில்லை என்று காட்டத்தான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஒதுங்கிப் போனால் எல்லே தேவாலயம். அங்குள்ள வியாபாரியிடம் 300 ரூன் கொடுத்து கைவினைப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வடக்கே கேட்ஃபிரண்ட் என்ற ஓய்விடத்தில் உட்கார்ந்தால் மெலினா என்ற பெண் வருவாள். டொரண்ட் என்ற குதிரையைத் தருவதும், லெவல் ஏற்ற உதவுவதும் அவள்தான். குதிரை கிடைத்தபின் இரவில் எல்லே தேவாலயத்துக்குத் திரும்பிப் போங்கள். அங்கே கிடைக்கும் மணியை அடித்தால், சில சண்டைகளில் உங்களுக்கு உதவ ஓநாய்கள் வரும்.

ரூன்தான் இங்கே காசு, லெவல் ஏற்றுவதும் அதை வைத்துத்தான். செத்தால் அதே இடத்தில் விழுந்து கிடக்கும். எடுப்பதற்குள் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு. ஆகவே கையில் நிறையச் சேர்ந்ததும் செலவழித்துவிடுங்கள். தொடக்கத்தில் பெரும்பகுதியை 'விகர்' என்ற உயிர்பலத்தில் போடுவது நல்லது. பலரும் தாக்கும் பலத்தைக் கூட்டிவிட்டு, இரண்டே அடியில் விழுகிறார்கள். எந்தப் பாத்திரம் எடுப்பது என்று குழம்பினால் வேகபாண்ட் எடுங்கள், நல்ல கேடயத்தோடு வருவான்.

தங்க ஒளி காட்டும் வழி

ஓய்விடங்களிலிருந்து கிளம்பும் தங்க ஒளி ஸ்டார்ம்வெயில் கோட்டையைக் காட்டும். அதை நம்பி நேரே போனால் வாசலில் மார்கிட். புதியவர்கள் பாதிவழியில் கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒளி கதையின் வழியைத்தான் காட்டுகிறது, நீங்கள் தயாரா என்று அதற்குத் தெரியாது. திரும்பித் தெற்கே வீப்பிங் தீபகற்பத்துக்குப் போங்கள். எதிரிகள் சற்று எளிது. அங்குள்ள தேவாலயங்களில் கிடைக்கும் 'சேக்ரட் டியர்' உங்கள் மருந்துக் குப்பியின் வலிமையைக் கூட்டும். சுரங்கங்களில் கிடைக்கும் கற்களைக் கொண்டு ஆயுதத்தையும் மேம்படுத்தலாம்.

ஸ்டீமில் வாங்குபவர்கள் கவனிக்க: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தையும் குதிரைக்காரனிடமே செலவழித்தால், விளையாட்டு உங்களுக்குப் பிடிக்குமா என்பதே தெரியாமல் போகும். கணினியில் 60 ஜிபி இடம் வேண்டும், லைன் மெதுவென்றால் ராத்திரியே டவுன்லோடு போட்டுவிடுங்கள்.

அதன்பிறகும் மார்கிட்டிடம் தோற்றால்? கோட்டையின் பக்கவாட்டில், மலைச்சரிவை ஒட்டி உடைந்த பாதை ஒன்று இருக்கிறது. அவனைத் தொடாமலேயே அடுத்த நிலப்பகுதிக்குப் போய்விடலாம்.