மூடாத மேற்கோளில் தொலையும் ஊர்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று. அதற்கு முன்பு அது விழுப்புரம் மாவட்டம். 1993க்கு முன்பு தென்னாற்காடு. இந்த மாவட்டத்தின் கல்வராயன்மலையில் வெள்ளிமலை, சேராப்பட்டு போன்ற ஊர்களுக்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் என்ன வந்தது, என்ன வரவில்லை என்று கணக்குப் பார்க்க நினைக்கும் ஆய்வு மாணவர், இரண்டு மாவட்டங்களின் பெயரில் சிதறிக் கிடக்கும் இணையப் பக்கங்களைத் திரட்டியாக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த ஊர்கள் விழுப்புரத்துக்குள்தான் இருக்கின்றன.

கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன்மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அம்மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. எந்த ஊருக்குச் சாலை இல்லை, எந்த ஊரில் பள்ளி இல்லை என்ற கேள்விக்கு ஊர்வாரிப் பட்டியல்தான் பதில் சொல்ல முடியும். அந்தப் பட்டியலில் ஓர் ஊர் விட்டுப்போனால், திட்டத்திலும் அது விட்டுப்போகும்.

பட்டியல்கள் பெரும்பாலும் இணையத்தில் எச்.டி.எம்.எல் பக்கங்களாகக் கிடைக்கின்றன. எழுத்துக்கு முன்னும் பின்னும் சிறு குறிகளை வைத்து, ‘இது தலைப்பு, இது அட்டவணையின் ஒரு வரிசை, இது அந்த வரிசையின் ஒரு கட்டம்’ என்று உலாவிக்குச் சொல்லும் மொழி அது. எழுதுகிறவர் ஒரு குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தாலும் உலாவி குறை சொல்லாது. தானே யூகித்து மூடிக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும். படிக்கிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதே பக்கத்திலிருந்து ஊர்ப்பெயரையும் எண்ணையும் பிரித்தெடுக்க வேண்டிய நிரலுக்கு யூகம் ஆகாது.

இதற்கு மாற்றாகத்தான் எக்ஸ்.எச்.டி.எம்.எல் வந்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதன் முதல் பதிப்பைத் தரமாக அறிவித்தது 2000 ஜனவரி 26 அன்று. குறிகள் அதே குறிகள்தான். விதிகள் மட்டும் தரவுக்கான குறிமொழியான எக்ஸ்.எம்.எல்லின் கறாரான விதிகள். திறந்த குறியை மூட வேண்டும், ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக அடங்க வேண்டும், குறிப்பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும், குறிக்குள் எழுதும் கூடுதல் விவரங்களான பண்புகளின் மதிப்புக்கு இருபுறமும் மேற்கோள் வேண்டும். மூடுவதிலோ அடக்குவதிலோ மேற்கோளிலோ ஒன்று தவறினாலும் எக்ஸ்.எம்.எல் வாசிப்பான் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பழைய பக்கத்தை இந்த ஒழுங்குக்குள் கொண்டுவர இன்று நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்து, 2006இல் முதன்முதலாக வெளியான நைம் என்ற இலவசக் கருவியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி உண்டு. பெட்டிகளைக் கோடு இழுத்து இணைத்தால் தரவு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். பெட்டியின் அடியில் சிவப்பு எரிந்தால் இன்னும் அமைக்கவில்லை, மஞ்சள் என்றால் தயார், பச்சை என்றால் முடிந்தது. வெப்பேஜ் ரிட்ரீவர் என்ற பெட்டியிடம் இணைய முகவரிகளைக் கொடுத்தால், பக்கத்தை இறக்கி, ஜேசூப் என்ற நிரல்தொகுப்பால் பிரித்து, எக்ஸ்.எச்.டி.எம்.எல்லாகவே தந்துவிடும். அடுத்து வரும் எக்ஸ்பாத் பெட்டி, வேண்டிய கட்டங்களை மட்டும் அதிலிருந்து எடுக்கும்.

பச்சை விளக்கைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மாதிரிப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் ஊர்ப்பெயர், இரண்டாவதில் பள்ளிகளின் எண்ணிக்கை. கரியாலூர் வரிசையில், ஊர்க் கட்டத்தைத் திறக்கும் குறிக்குள் ஒரு பண்பின் மேற்கோளைத் திறந்தவர் மூடவில்லை. ஒரே ஒரு மேற்கோள். பிரிக்கும் கருவி அடுத்த மேற்கோள் கண்ணில் படும்வரை எல்லாவற்றையும் அந்தப் பண்பின் மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்த மேற்கோளோ பள்ளிக் கட்டத்தின் குறிக்குள் இருக்கிறது. ஆகவே கரியாலூர் என்ற பெயரும், அந்தக் கட்டத்தை மூடும் குறியும், அடுத்த கட்டத்தைத் திறக்கும் குறியும் சேர்ந்து பண்பின் வயிற்றுக்குள் போய்விடும். மிஞ்சுவது ஒரே கட்டம். ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளிகளின் எண் உட்கார்ந்திருக்கும். வெளியே வரும் எக்ஸ்.எச்.டி.எம்.எல்லில் இலக்கணப் பிழை எதுவும் இருக்காது. கரியாலூரும் இருக்காது.

மூல எழுத்தில் பிழையே இல்லாமலும் இது நடக்கும். ‘கல்வராயன்மலை வட்டம்’ என்ற ஒரே கட்டத்தை நான்கு ஊர்களுக்கும் பொதுவாக நீட்டிப் போடுவது அரசுப் பட்டியல்களில் சகஜம். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதல் வரிசையில் மட்டும்தான் வட்டத்தின் பெயர் உண்மையில் உண்டு. மற்ற மூன்றிலும் ஒரு கட்டம் குறைவு. பிரித்தெடுக்கும்போது அந்த மூன்று ஊர்களும் இடப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்து, வட்டத்தின் இடத்தில் ஊரும் ஊரின் இடத்தில் எண்ணும் வந்து விழும். அட்டவணைக்குள், ஆனால் எந்தக் கட்டத்துக்கும் உள்ளே வைக்காமல், யாராவது ஓர் அடிக்குறிப்பைத் தட்டச்சிட்டிருந்தால், எச்.டி.எம்.எல் 5 விதிப்படி அது அட்டவணைக்கு மேலே தூக்கிவைக்கப்படும். எந்த ஊரைப் பற்றிய குறிப்பு என்று பிறகு சொல்ல முடியாது.

இன்னொரு நுணுக்கம். ‘ஒழுங்காக அமைந்த’ ஆவணம் வேறு, ‘செல்லுபடியாகும்’ ஆவணம் வேறு. குறிகள் சரியாகத் திறந்து மூடியிருந்தால் முதலாவது. எந்தக் குறிக்குள் எந்தக் குறி வரலாம் என்ற வரையறைக்கும் உட்பட்டிருந்தால்தான் இரண்டாவது. கருவிகள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே உறுதி செய்கின்றன. தரவு எடுப்பதற்கு அது போதும். ஆனால் எக்ஸ்.எச்.டி.எம்.எல்லுக்கென்று, குறிகள் எந்த மொழிக்குரியவை என்று காட்டும் ஒரு பெயர்வெளி உண்டு. எக்ஸ்பாத் தேடலில் அதைக் குறிப்பிடாவிட்டால் பிழைச் செய்தியும் வராது, விடையும் வராது. நைமில் ‘டி.என்.எஸ்’ என்ற முன்னொட்டை ஒவ்வொரு குறிக்கும் முன்னால் சேர்க்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் வெற்று நெடுவரிசையைப் பார்த்துத் திகைத்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

தமிழ்ப் பக்கங்களுக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு: எழுத்துக் குறியாக்கம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை ஒரு காலத்தில் டிஸ்கி என்ற குறியாக்கத்தில் வெளியிட்டது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. யூனிகோடை ஏற்றது 2010இல். இவற்றில் எந்தக் காலத்துப் பக்கம் என்று தெரியாமல் மாற்றினால், உள்ளே குப்பையாக இருக்கும் செல்லுபடியான ஆவணம் கிடைக்கும். யூனிகோடுப் பக்கமே ஆனாலும் இதே கதைதான். ‘கல்வராயன்மலை’ என்ற சொல் யூ.டி.எஃப்-8 முறையில் 36 பைட்டுகள். அதை மேலை ஐரோப்பியக் குறியாக்கமாக வாசித்தால் சம்பந்தமில்லாத 36 எழுத்துகளாகிவிடும். ஆகவே குறியாக்கத்தை முதலில் தீர்த்துவிட்டுத்தான் குறிகளைத் திருத்த வேண்டும்.

வலைப்பக்கங்களின் உலகில் எக்ஸ்.எச்.டி.எம்.எல் வெல்லவில்லை. அதன் இரண்டாம் பதிப்புக்கான பணிக்குழு 2009 இறுதியோடு நிறுத்தப்பட்டது. 2014இல் தரமாக அறிவிக்கப்பட்ட எச்.டி.எம்.எல் 5, பிழையான பக்கத்தை எப்படி வாசிப்பது என்பதையே விதியாக எழுதி வைத்தது. ஆனாலும் தரவு வேலையிலும் மின்னூலிலும் எக்ஸ்.எச்.டி.எம்.எல் உயிரோடு இருக்கிறது. இபப் மின்னூல் ஒன்றின் உரை இருப்பது பெரும்பாலும் எக்ஸ்.எச்.டி.எம்.எல் கோப்புகளில்தான். வலைப்பதிவுகளில் வந்த தமிழ்க் கட்டுரைகளை ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு இபப் நூல்களாக்கும்போதும் இந்த ஒழுங்குக்குள்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

கல்வராயன்மலைப் பட்டியலைத் திரட்டும் மாணவர் செய்ய வேண்டியவை சில உண்டு. இறக்கிய மூலப் பக்கத்தை மாற்றாமல் ஒரு நெடுவரிசையில் அப்படியே வைத்திருக்க வேண்டும். மாற்றிய பிறகு ஒவ்வொரு வரிசையிலும் கட்டங்களை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த வரிசையைக் கையால் திறந்து பார்க்க வேண்டும். மலையின் ஊர்ப்பெயர்களைத் தனியே ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, எடுத்த தரவோடு பொருத்திப் பார்த்தால் விடுபட்ட ஊர் உடனே தெரிந்துவிடும்.

பாதி வேலை அலுவலகங்களின் கையில் இருக்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கு 2009இல் வெளியான வழிகாட்டு நெறிகள், பக்கங்களின் குறியீடு முறையான இலக்கணத்துக்கு உட்பட வேண்டும் என்றன. 2012இன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை, கணினி வாசிக்கும் வடிவில் தரவைத் தரச் சொல்கிறது. ஊர்வாரிப் பட்டியல் வெளியிடும் ஒவ்வொரு துறையும், அந்தப் பக்கத்தின் அடியில் அதே பட்டியலை, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் ஒரு சி.எஸ்.வி கோப்பாகவும் சேர்த்து வைக்க வேண்டும். பட்டியலைத் தயாரிக்கும் அலுவலரின் கணினியில் அது பெரும்பாலும் ஏற்கெனவே விரிதாளாக இருக்கும்.