அணில்கள் பங்கிட்டுக்கொண்ட மரம்

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்கு வண்டி போகும். காப்பகம் கேரளத்தில், பாதை தமிழ்நாட்டில். அங்கே ஆனப்பாடியில் வனத்துறையின் கூடாரங்களில் தங்க வருகிறவர்கள் பெரும்பாலும் புலியையும் யானையையும் நினைத்தே வருகிறார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் மர உச்சியிலிருந்து கடகடவென்று உரத்த சத்தம் ஒன்று கேட்டால், குரங்கு என்றோ ஏதோ பறவை என்றோ நினைத்துவிடுகிறார்கள். அது மலை அணில்.

பழக்கமில்லாத கண்ணுக்கு அது அணிலாகவே தோன்றாது. கிட்டத்தட்ட இரண்டு கிலோ வரை எடை. உடம்பின் நீளத்தை மிஞ்சும் வால். ஆனைமலைப் பக்கத்தில் முதுகும் வாலும் கருப்பு, தலையும் காதும் செம்பழுப்பு, அடிவயிறு இளமஞ்சள். பழம் தின்னும்போது தொலைநோக்கியை அதன் பின்னங்கால்கள் மேல் வைத்துப் பாருங்கள். கிளையைப் பின்னங்கால்களால் இறுக்கிப் பிடித்து, உடம்பைக் கிளையின் ஒரு பக்கமும் வாலை மறுபக்கமும் தொங்கவிடும். வாலின் எடை உடம்பின் எடைக்கு ஈடு கொடுக்க, இரண்டு கைகளும் பழத்தைத் திருப்பித் திருப்பிக் கடிக்க விடுபடுகின்றன. மரத்தில் தலைகீழாக இறங்குவதற்கும் அணில்களிடம் ஓர் ஏற்பாடு உண்டு. பின்பாதம் கணுக்காலில் முழுக்கப் பின்னோக்கித் திரும்பும். நகங்கள் மேலே பட்டையில் மாட்டிக்கொள்ள, உடம்பு கீழே இறங்கும்.

கழுகின் நிழல் பட்டால் மலை அணில் ஓடாது. கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்து அசையாமல் கிடக்கும். காலையிலும் மாலையிலும்தான் நடமாட்டம் அதிகம், உச்சிவெயிலில் ஓய்வு. ஆகவே மதியம் தேடுவது வீண்.

கீழே வந்தால் வேறு உலகம். ஊர் அணிலைப் போலவே முதுகில் மூன்று கோடுகள், ஆனால் நிறம் இன்னும் அடர்த்தி: மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் காட்டு அணில் இது. மனிதர் தங்கும் இடத்தை ஒட்டியும் தாராளமாகத் திரியும். இதன் இன்னொரு உறவு, கோடுகள் மங்கலான ஒரு குட்டி அணில், பசுமைமாறாக் காட்டின் அடர்ந்த புதருக்குள் தரையை ஒட்டியே வாழ்கிறது. கூச்ச சுபாவம். சருகு சரசரத்தால் எலி என்று விட்டுவிடாமல் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது.

இருட்டியதும் மலை அணில் விட்ட இடத்தைப் பறக்கும் அணில் எடுத்துக்கொள்கிறது. பகலெல்லாம் மரப்பொந்தில் உறங்கிய பிராணி அது. பெயரில்தான் பறத்தல், உண்மையில் சறுக்கல். மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் இடையில் விரியும் தோல், அதை இன்னும் அகலமாக்க மணிக்கட்டிலிருந்து நீளும் குருத்தெலும்புக் குச்சி; இவைதான் அதன் கருவிகள். உயரத்தைச் செலவழித்துத் தூரத்தை வாங்குவதால், அடுத்த மரத்தில் சற்றுக் கீழேதான் போய் ஒட்டும். பிறகு ஏறியாக வேண்டும். பெரிய பழுப்புப் பறக்கும் அணிலைக் காண்பது அவ்வளவு அரிதல்ல. சிறிய இனமான திருவிதாங்கூர் பறக்கும் அணிலோ, சுமார் நூறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமலிருந்து 1989இல்தான் மீண்டும் அறியப்பட்டது. இரவில் வாழும் உயிர் நம்மிடமிருந்து எவ்வளவு முழுமையாக மறைய முடியும் என்பதை எனக்கு உணர்த்திய செய்தி அதுதான். டார்ச் வெளிச்சத்தில் கண்கள் செந்தணலாக மின்னும். ஒரு கணம் போதும். அதற்கு மேல் கண்ணில் ஒளி பாய்ச்சுவது கொடுமை.

உயரத்தாலும் நேரத்தாலும் இப்படிப் பங்கு பிரித்துக்கொண்டாலும், மேல்தட்டில் வாழும் இரண்டுக்கும் தேவை ஒன்றே: அறுபடாத மர விதானம். மலை அணில் இலையும் சுள்ளியும் கொண்டு உருண்டைக் கூடுகள் கட்டுகிறது, ஒரே அணிலுக்குப் பல கூடுகள். கிளைகள் பக்கத்து மரங்களோடு கைகோத்திருக்கும் மரத்தையே அதற்குத் தேர்கிறது. தப்பிக்க வழி வேண்டுமே. அதன் தாவல் ஆறு மீட்டர் வரை போகும். அதைவிட அகலமாகச் சாலை வெட்டினால் அது தரைக்கு இறங்க வேண்டும், சிறுத்தையும் செந்நாயும் நடக்கும் தரைக்கு. ஆனைமலையில் பிரிட்டிஷார் காலத்திலிருந்து இயற்கைக் காட்டின் இடத்தைப் பிடித்த தேக்குத் தோட்டங்கள் கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அந்த மாதங்களில் அவற்றுக்கு நடுவே மிஞ்சிய பசுமையான மரங்களைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். மலை அணில் அங்கேதான் இருக்கும்.