என் மகளின் பெயரில் ஒரு யாழ்



1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. நாவற்குழிப் பாலத்தடியில் சனநெரிசலுக்குள் நின்றபோது, "பொம்பிளைப் பிள்ளையெண்டால் யாழினி எண்டு வைப்பம். ஊர் போனாலும் பேரிலையாவது இருக்கட்டும்" என்றார் என் கணவர். 1996 தை மாதம் கிளிநொச்சியில் மகள் பிறந்தாள்.

2009இல் கணவரை இழந்தேன். பத்திரங்கள் இருந்த பையும் போய்விட்டது. முகாமில் பதிந்தவர் மகளின் பெயரை 'யாலினி' என்று எழுதினார். ஒரு எழுத்துத்தானே என்று பேசாமல் இருந்தேன். மகளோ, "அப்பா வைச்ச பேர் அதில்லை அம்மா" என்று அழுதாள். அதன் பின்னரே அந்தப் பெயரின் பொருளைத் தேடி வாசித்தேன்.

யாழ் தமிழரின் பழைய நரம்புக் கருவி. வில்லைப்போல் வளைந்த கோட்டில் நரம்புகளைக் கட்டி விரல்களால் மீட்டுவார்கள். வீணையைப்போல் மெட்டுகள் இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பேரியாழுக்கு 21 நரம்புகள், செங்கோட்டியாழுக்கு 7. சங்ககாலப் பாணர் இதனைச் சுமந்து ஊர் ஊராகச் சென்றனர். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் யாழ் மீட்டிப் பாடுகின்றனர். பாணன் ஒருவன் யாழ் வாசித்துப் பரிசாகப் பெற்ற நிலமே யாழ்ப்பாணம் என்பது வழிவழி வந்த கதை.

காலப்போக்கில் யாழ் வழக்கொழிந்தது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். மறைந்த கருவியின் இலக்கணம் அந்நூலால் நமக்குக் கிடைத்தது.

அந்த யாழோடு பெண்பால் ஈறு சேர்ந்ததே யாழினி. 'ழ' போனால் யாழும் போய்விடும்.

பிரதேச செயலகத்தில் பிறப்பத்தாட்சிப் பத்திரப் பிரதி எடுத்தேன். அதைக் காட்டிப் பாடசாலைப் பதிவையும் பின்னர் அடையாள அட்டையையும் சரியான பெயரிலேயே பெற்றோம். சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளின் பத்திரங்களை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயரை யார் வைத்தார், ஏன் வைத்தார் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். தகப்பனைக் காணாத பிள்ளைக்கு அதுவும் ஒரு முதுசம்.

குழலையும் யாழையும் விட மழலையே இனிது என்றார் வள்ளுவர். இன்று யாழினியின் குழந்தை என் மடியில் மழலை பேசுகிறது. இதைக் கேட்க அவர் இல்லையே என்பதுதான் என் குறை.