மூக்கின் சாட்சி

கண்ணுக்கும் காதுக்கும் நாம் கொடுக்கும் மரியாதையை மூக்குக்குக் கொடுப்பதில்லை. பொடி போடுவதற்கும் கண்ணாடியைத் தாங்குவதற்குமே அது படைக்கப்பட்டது என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் ஏற்காட்டு மலைப் பாதையில் மாறிற்று.

ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஏற்காட்டுக்குப் போய்விட்டு, நமது பழைய காரில் சேலத்துக்கு இறங்கிக் கொண்டிருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை. "ஏங்க, ஏதோ கருகுகிற நாற்றம் வருகிறதே!" என்று பின் ஆசனத்திலிருந்து மனைவி சொன்னாள்.

"யாராவது சருகு கொளுத்துவார்கள்" என்று சமாதானம் கூறினோம். பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அதையே போதித்து வரும் நமக்கு, பிறர் மூக்கைவிட நம் பட்டத்தின்மீதே நம்பிக்கை அதிகம்.

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தோம். மிதி பஞ்சுபோல் உள்ளே போயிற்று! கியரைக் குறைத்து, கைப் பிரேக்கையும் மெல்ல இழுத்து, மலைச் சரிவை ஒட்டி ஒருவாறு வண்டியை நிறுத்தினோம். முன் சக்கரங்களிலிருந்து புகை கிளம்பிற்று. ஓயாமல் சண்டையிடும் குழந்தைகள் இருவரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனந்தான் நம்மை நடுங்க வைத்தது.

பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். நாம் தண்ணீர்க் குடத்தை எடுப்பதைப் பார்த்து, "ஊத்தாதீங்க சார், சூட்டிலே தட்டு வெடிச்சுப் போகும். தானா ஆறட்டும். எந்தக் கியரிலே மலை ஏறினீங்களோ, அதே கியரிலே இறங்கணும்" என்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்து, மிதி பழையபடி இறுகியதைச் சோதித்த பிறகே புறப்பட்டு, இரண்டாவது கியரில் ஊர்ந்து வீடு சேர்ந்தோம்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். சேலத்தின் உயரம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆட்களுடன் 1,200 கிலோ எடையுள்ள கார் அத்தனை தூரம் இறங்குகையில் வெளிப்படும் சக்தி முழுவதும் உஷ்ணமானால், அதைக் கொண்டு 45 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டு வரலாம். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். நாமோ அவ்வளவையும் பிரேக்கின் தலையிலே கட்டினோம்.

பிரேக்குக் குழாய்களில் ஓடும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. 'டாட் 3' ரகம் புதிதாயிருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும், குமிழிகள் அமுங்கும், மிதி பஞ்சாகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய அத்திரவத்தை நாம் நான்கு வருஷம் மாற்றவில்லை.

ஆகவே, வண்டியில் கருகல் வாடை வந்தால் முதலில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். பிறகு வாடை எப்போது வந்தது என்று யோசியுங்கள்.

இறக்கத்தில் வந்தால் பிரேக். சமதரையிலேயே வந்தால் புறங்கையைச் சக்கரங்களின் அருகே, தொடாமல், காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அதன் பிரேக் விடுபடாமல் சிக்கியிருக்கிறது. கைப் பிரேக்கை விடுவிக்க மறந்தீர்களா என்றும் பாருங்கள்.

ஏற்றத்தில் காகிதம் கருகும் வாடை வந்தால் கிளட்ச். அதன்மேல் எப்போதும் காலை வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் கிடைக்கும் பரிசு.

காய்ந்த எண்ணெய்ச் சட்டியின் வாடையானால், எஞ்சின் எண்ணெய் கசிந்து சூடான புகைக் குழாயில் சொட்டுகிறது. வெல்லப் பாகுபோல் இனித்தால் ரேடியேட்டர் திரவம் கசிகிறது. சூடு ஆறுமுன் அதன் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். ரப்பர் வாடையானால் எஞ்சின் பெல்ட்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

வைக்கோல் வாடையையும் அலட்சியம் செய்யலாகாது. கேழ்வரகுத் தாளையும் கொள்ளுக் கொடியையும் சாலையில் பரப்பி வாகனங்களால் மிதிபட விடும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. அவை அடியில் சுற்றிக்கொண்டு, புகைக் குழாயின் சூட்டில் தீப்பற்றும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒயர் கருகும் வாடை. எலி கடித்த ஒயராயிருக்கலாம். அல்லது 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ 20 ஆம்பியர் போட்டிருக்கலாம். ஃப்யூஸ் எரிவது வண்டி எரியாமலிருப்பதற்காகத்தான். பெட்ரோல் வாடை கருகல் வாடையன்று. ஆனாலும் அதற்கும் உடனே நிறுத்த வேண்டும். எஞ்சின் மூடிக்கடியிலிருந்து புகை தடித்து வந்தால் மூடியைத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் நெருப்பு ஓங்கும். தூர விலகி, 101-க்கோ 112-க்கோ டெலிபோன் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வெட்கக்கேடு. அந்த நாற்றம் பின்னாலிருந்தவளுக்குத் தெரிந்து, முன்னாலிருந்த நமக்குத் தெரியாமற் போனதேன்? நம் மூக்குக்கு நேரே, பெருமையுடன் வாங்கி மாட்டிய மல்லிகை வாசனைக் குப்பி ஒன்று தொங்கிக் கொண்டிருந்தது! அதை மறுநாளே கழற்றிவிட்டோம். இப்போதெல்லாம் "ஏங்க" என்று பின் ஆசனத்திலிருந்து குரல் வந்தால், மேற்கொண்டு கேளாமல் வண்டியை நிறுத்திவிடுகிறோம். இரண்டொரு சமயம் யாரோ சருகு கொளுத்தியதாகவே முடிந்தது. அதனால் நமக்கு நஷ்டம் ஐந்து நிமிஷந்தான்.