கல்கி காட்டிய சரித்திரம்



தமிழ்நாட்டில் ஓர் ஆசிரியர் சோழர் வரலாற்றைக் கற்பிக்கப் புகுந்தால், வகுப்பில் பாதிப்பேர் வந்தியத்தேவனை முன்பே அறிந்திருப்பார்கள். பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு இது பேருதவியாக இருந்தது. பெரும் பொறுப்பாகவும் இருந்தது. 2022-ஆம் ஆண்டில் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வெளிவந்தபின், மாணவர் பலர் என்னிடம் வந்து, நந்தினி எந்த ஊரில் பிறந்தாள் என்று வினவினர். அவள் பிறந்த இடம் ஓர் எழுத்தாளரின் உள்ளம். அவ்வெழுத்தாளர் சரித்திரக் கதைக்கு எவ்வழியே வந்தார், அவர் கதையை நாம் எவ்வாறு பயில வேண்டும் என்னும் இரண்டையும் இன்று எண்ணிப் பார்ப்போம்.

கல்கி என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுவந்த அவர், 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்திற்காகப் படிப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டு சிறையும் புகுந்தார். ஆகவே, சரித்திரம் எழுதிய அப்பெருமகனாருக்குச் சரித்திரப் பட்டம் கிடையாது. அவருடைய கல்லூரி பத்திரிகை அலுவலகமே ஆகும்.

1923-இல் திரு. வி. க. நடத்திய 'நவசக்தி'யில் அவர் உதவியாசிரியரானார். பின்னர்த் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியுடன் இருந்து, மதுவிலக்கைப் பரப்பிய 'விமோசனம்' என்னும் இதழுக்காக உழைத்தார். அதன்பின் எஸ். எஸ். வாசனின் 'ஆனந்த விகடன்' அவரை நாடறியச் செய்தது. 1941-இல் நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். இதழுக்கு முதல் தேடும்பொருட்டு, எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' என்னும் திரைப்படத்தில் நாரதராக நடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

சொந்த இதழ் அமைந்த பிறகே அவர் சரித்திரக் கதையில் இறங்கினார். 'பார்த்திபன் கனவு' 1941-இலும், 'சிவகாமியின் சபதம்' 1944-இலும், 'பொன்னியின் செல்வன்' 1950-இலும் தொடங்கின. இறுதியில் கூறியது 1954 வரை ஓடியது. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் மறைந்தார்.

பத்திரிகைத் தொழில் அவருக்குக் கற்பித்தது யாது? முதலாவது, எளிமை. மதுவின் தீமையைக் கிராமத்தாருக்கு விளங்க எழுதிப் பழகிய கைக்குப் பல்லவர் படையெடுப்பை விளக்குவது அரிதன்று. இரண்டாவது, வாரந்தோறும் வாசகரை எதிர்கொள்ளும் ஒழுங்கு. ஓர் அத்தியாயம் ஒரு வினாவோடு முடியும். அதற்கு விடை காண அடுத்த இதழ்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது, வாசகருக்குப் பதில் கூறும் கடமை. 'பொன்னியின் செல்வன்' முடிந்ததும் கதைமாந்தர் பின்னர் என்னவாயினர் என்று பலரும் கேட்க, அதற்கு ஒரு முடிவுரையே எழுதினார். அறிஞர் நூல்களில் அடங்கிக் கிடந்த அருள்மொழிவர்மன் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

ஆனால் வாரம் ஓர் அத்தியாயம் எழுதக் கல்வெட்டு போதுமா? போதாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிக்கிறது. அவரைப் பற்றிக் கல்வெட்டுகள் தரும் செய்தி மிகச் சிறிதே. அச்சிறு விதையிலிருந்து ஐந்து பாகங்களுக்கு ஒரு கதாநாயகனை வளர்த்தார் கல்கி. வாதாபியை நரசிம்மவர்ம பல்லவன் வென்றது வரலாறு, சிவகாமி கற்பனை.

கல்லும் கற்பனையும் சந்திக்கும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன். 'பொன்னியின் செல்வன்' வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. இன்று சென்னைக்கும் குடிநீர் தரும் வீராணம் ஏரியே அது. அதற்கு அண்மையில், காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கோயிலில், இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களைச் சார்ந்தோரின் உடைமைகளைப் பற்றிய ஆணையும் அதில் உண்டு. ஏன் கொன்றார்கள் என்று அது சொல்லவில்லை.

கல் மௌனம் சாதிக்கும் அவ்விடத்தில் அறிஞர்கள் வாதிட்டனர். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். அதே இடத்தில் நாவலாசிரியர் நந்தினியையும், பாண்டியன் ஆபத்துதவிகளின் பழிவாங்கும் சபதத்தையும் படைத்தார். அறிஞர் சான்று தேடினர். கல்கி கதை தேடினார். இரண்டும் நேர்மையான தொழில்களே. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதுதான் பிழை.

இது சிறு பிழையன்று. உடையார்குடிக் கல்வெட்டில் குற்றம் சாட்டப்பட்டோர் ஒரு காலத்தில் உயிரோடு வாழ்ந்த மனிதர்கள். உத்தம சோழனும் அவ்வாறே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர் நம்முன் வந்து வாதாட இயலாது. சான்றின்றி அவர்மீது பழி சுமத்துவதும், சான்றின்றிப் புகழ் ஏற்றுவதும் நீதியாகா. கதையைச் சான்றாகக் கொள்ளப் பழகிய உள்ளம், நாளை செவிவழிச் செய்தியையும் அவ்வாறே நம்பிவிடும்.

இதனால் நாவலை ஒதுக்க வேண்டும் என்று கூறேன். பாடநூலைக் கண்டு அஞ்சிய மாணவர் எத்தனையோ பேர், கல்கியைப் படித்தபின் கோயில் சுவரருகே நின்று எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றதை நான் அறிவேன். அவ்வாவலைத் தூண்டியதே அவர் செய்த தொண்டு.

ஆகவே, நண்பர்களே, நாவலை மனமாரப் படியுங்கள். படிக்கும்போது அருகில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அதில் இரண்டு பத்திகள் வகுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் கல்வெட்டும் செப்பேடும் சொல்வது, மற்றொன்றில் கல்கி சொல்வது. முதற்பத்தி சிறியதாகவே இருக்கும். அதனை ஒரு வரியேனும் நீளச் செய்வதற்குரிய உழைப்பு உங்கள் தலைமுறையைச் சார்ந்தது.